வென்டா, ஹேவ் கானா, ஹேட் கானா?

ரங்கூனில் இண்டர்வியூவுக்குத் தயாராகும் நம் பிள்ளைகள் வாயில் நான் அடிக்கடி கேட்கும் வாக்கியம் ஒன்று: 'யெஸ்டர்டே ஐ ஹேட் கான் டு பகோ.' வீட்டில் 'நேத்து பகோவுக்குப் போயிருந்தேன்' என்று பேசுகிறோம், அந்த 'இருந்தேன்' அப்படியே 'ஹேட்' ஆகிவிடுகிறது. தமிழில் அது சரிதான், இங்கிலீஷில் 'ஐ வென்ட் டு பகோ யெஸ்டர்டே' போதும்.

வாக்கியத்தைத் தொடங்குமுன் ஒன்றை மட்டும் பாருங்கள்: எப்போது நடந்தது என்று சொல்கிறீர்களா? பர்மிய மொழியில் நேற்றை 'மனேகா' என்கிறோம், எப்போது நடந்தது என்று கேட்க 'பெடோங்கா' என்கிறோம். அந்த 'கா' வரும் இடத்தில் சிம்பிள் பாஸ்ட்தான், அதாவது 'வென்ட்' மாதிரி, 'ஹேவ்', 'ஹேட்' சேராத இறந்தகாலம். அதனால் 'ஐ ஹேவ் ஜாயின்ட் இன் 2019' தப்பு, 'ஐ ஜாயின்ட் இன் 2019' சரி.

இப்போது 'தமின் சா பீ பீலா?' என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்பதை யோசியுங்கள். நம் 'சாப்பிட்டாச்சா?' மாதிரிதான் அதுவும். எத்தனை மணிக்குச் சாப்பிட்டாய் என்று அவர் கேட்கவில்லை, இப்போது வயிறு நிறைந்திருக்கிறதா என்றுதான் கேட்கிறார். அதுதான் 'ஹேவ் யூ ஈட்டன்?' பதில் 'யெஸ், ஐ ஹேவ்.' எப்போது என்று அவர் அடுத்துக் கேட்டுவிட்டால், அந்த நொடியே மாறிவிட வேண்டும்: 'ஐ ஏட் அட் ஒன்.' (அமெரிக்கர்கள் 'டிட் யூ ஈட் யெட்?' என்றும் கேட்பார்கள், குழம்ப வேண்டாம்.) 'யௌ பூலா' (போனதுண்டா) என்று பர்மிய மொழியில் அனுபவத்தைக் கேட்கும் 'பூ'வுக்கும் இதே 'ஹேவ்'தான்: 'ஹேவ் யூ எவர் பீன் டு மோல்மீன்?' போய்த் திரும்பியவருக்கு 'பீன்', இன்னும் அங்கேயே இருப்பவருக்கு 'கான்'.

இண்டர்வியூவில் நிச்சயம் வருவது இது: 'அஞ்சு வருஷமா இங்கே வேலை செய்கிறேன்.' தமிழில் நிகழ்காலம் என்பதால் 'ஐ ஆம் வொர்க்கிங்' என்று வந்துவிடும். வேண்டாம், 'ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்' என்று வாய்விட்டுப் பத்து தடவை சொல்லிப் பழகுங்கள்.

அப்புறம் அந்த 'ஹேட்'. நடந்து முடிந்தவை இரண்டு இருந்து, முந்தியது எது என்று காட்ட வேண்டும்போதுதான் அதற்கு வேலை. 'வென் ஐ ரீச்ட் தி ஸ்டேஷன், தி ட்ரெய்ன் ஹேட் லெஃப்ட்': நான் போவதற்குள் ரயில் போய்விட்டது. இதிலேயே 'லெஃப்ட்' என்று மட்டும் சொன்னால், நான் போய்ச் சேர்ந்ததும் ரயில் கிளம்பியது என்று ஆகிவிடும். 'ஆஃப்டர்' போட்டாலே வரிசை தெரிந்துவிடும், அங்கே 'ஹேட்' கட்டாயமில்லை: 'ஆஃப்டர் ஐ ஏட், ஐ லெஃப்ட்.'