புதிய நாட்டில் வேலை தேடும்போது: சுயவிவரக் குறிப்பை எழுதும் முறை

ஊரில் பயன்படுத்திய பயோடேட்டாவை அப்படியே ஆங்கிலத்திலோ புதிய நாட்டின் மொழியிலோ மாற்றி அனுப்பினால், அது பெரும்பாலும் பலன் தராது. தந்தையின் பெயர், மதம், திருமண நிலை, பிறந்த தேதி, இறுதியில் "மேற்கண்ட விவரங்கள் யாவும் உண்மை" என்ற உறுதிமொழி ஆகியவற்றுக்குப் பிரித்தானியாவிலும் கனடாவிலும் சுயவிவரக் குறிப்பில் இடமில்லை. பாகுபாட்டைத் தடுக்கும் சட்டங்கள் (பிரித்தானியாவில் 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம்) இருப்பதால், புகைப்படம் ஒட்டிய விண்ணப்பத்தைக்கூட அங்குள்ள நிறுவனங்கள் விரும்புவதில்லை. ஜெர்மனியிலோ புகைப்படம் கட்டாயமில்லை எனினும் அதை இணைக்கும் வழக்கம் இன்னும் மறையவில்லை. ஆகவே, எந்த நாட்டில் விண்ணப்பிக்கிறோமோ அந்நாட்டின் வழக்கத்தை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். நீளத்தைப் பொறுத்தவரை, பொதுவாக இரண்டு பக்கங்கள் போதும்.

எல்லா வேலைகளுக்கும் ஒரே குறிப்பை அனுப்புவது வீண் உழைப்பு என்றே சொல்வேன். விளம்பரத்தில் கேட்டுள்ள தகுதிகளை ஒவ்வொன்றாக அடிக்கோடிட்டு, அவற்றில் நம்மிடம் உண்மையாகவே உள்ளவற்றை அதே சொற்களால் முதல் பக்கத்திலேயே எழுத வேண்டும். பெரிய நிறுவனங்கள் பலவற்றில் விண்ணப்பங்களை முதலில் மென்பொருளே வாசிப்பதால், அட்டவணைகள், பக்கத்தை இடம் வலமாக இரண்டாகப் பிரிக்கும் பத்திகள், படங்கள் ஆகியவற்றைத் தவிர்ப்பது நல்லது. அவற்றில் உள்ள தகவல் சில வேளைகளில் பதிவாகாமலே போய்விடும்.

வேலை அனுபவத்தை அண்மையதிலிருந்து தொடங்கிப் பின்னோக்கி எழுத வேண்டும். "கணக்குப் பிரிவில் பணியாற்றினேன்" என்பதிலிருந்து வாசிப்பவருக்கு எதுவும் தெரியாது. "மாதந்தோறும் 60 ஊழியர்களின் சம்பளப் பட்டியலைத் தயாரித்து, ஆண்டுத் தணிக்கைக்கான ஆவணங்களைத் தொகுத்துக் கொடுத்தேன்" என்றால் வேலையின் அளவும் பொறுப்பும் விளங்கும். ஊரில் எல்லோரும் அறிந்த நிறுவனம் இங்கே யாருக்கும் தெரியாத பெயராக இருக்கலாம் என்பதால், அது என்ன தொழில் செய்கிறது, எத்தனை கிளைகள் கொண்டது என்பதை ஒரே வரியில் சேர்த்துவிடுங்கள். பட்டத்துக்கும் இது பொருந்தும்: புதிய நாட்டின் கல்வித் தரத்தோடு ஒப்பிட்டு அதை மதிப்பிட்ட சான்று பெற்றிருந்தால், பட்டத்தின் பக்கத்திலேயே அதைக் குறிப்பிடலாம். வந்த பிறகு கடையிலோ கிடங்கிலோ பார்க்கும் வேலையைப் படித்தவர்கள் பலர் மறைக்கிறார்கள். அது தேவையற்ற கூச்சம். இந்நாட்டில் வேலை செய்த அனுபவத்துக்கும், நேரம் தவறாமைக்கும், மொழிப் பழக்கத்துக்கும் அதைவிடத் தெளிவான சான்று புதிதாக வந்தவரிடம் இருக்காது.

பெயர் விஷயத்தில் தமிழர்களுக்குத் தனிச் சிக்கல் உண்டு. சான்றிதழில் தலைப்பெழுத்தாக இருக்கும் தந்தையின் பெயர் கடவுச்சீட்டில் குடும்பப் பெயராக விரிந்திருக்கலாம். வேலை கிடைத்தபின் ஆவணங்களைச் சரிபார்க்கும்போது குழப்பம் வராதிருக்க, கடவுச்சீட்டில் உள்ளபடியே எழுதுவது பாதுகாப்பானது.

பரிந்துரைப்போரின் விவரங்களை, விளம்பரத்தில் கேட்டிருந்தாலன்றி, குறிப்பிலேயே தர வேண்டியதில்லை. ஆயினும் ஊரிலுள்ள முன்னாள் மேலாளரிடம் முன்கூட்டியே ஒப்புதல் பெற்றுவையுங்கள். நேர வித்தியாசத்தால் தொலைபேசி அழைப்பு நள்ளிரவில் போய்ச் சேரக்கூடும் என்பதால், அவருடைய அலுவலக மின்னஞ்சல் முகவரியையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.