பொதுநலச் சட்டப் பணி நேர்காணலுக்கு மூன்று வாரத்தில் தயாராவது எப்படி: வேலூர்ப் பக்கத்து மாணவர்களுக்கு

இலவசச் சட்ட உதவி தரும் சட்டப் பணிகள் ஆணைக்குழு, கொத்தடிமை மீட்பு அமைப்பு, பெண்களுக்கான உதவி மையம், சுற்றுச்சூழல் வழக்கு நடத்தும் குழு. இந்த மாதிரி இடங்களில் நேர்காணல் எடுப்பவர்கள் சுற்றிச் சுற்றிக் கேட்பது ஒரே கேள்விதான்: "நாளைக்குக் காலையில ஒருத்தர் அழுதுகிட்டு வந்து உங்க முன்னால உட்கார்றார். என்ன செய்வீங்க?" எந்த அலுவலகம், எந்த மனு, யார் கையெழுத்து, எத்தனை நாள் கெடு என்று வரிசையாகச் சொல்பவருக்கு வேலை கிடைக்கிறது. இலவசச் சட்ட உதவி பற்றிய அரசியலமைப்புச் சட்டம் 39அ பிரிவை மனப்பாடமாக ஒப்பிப்பவர் அடுத்த கேள்வியிலேயே திணறுகிறார்.

தினமும் இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் மூன்று வாரம் போதும். குடியாத்தத்திலிருந்தோ ஆம்பூரிலிருந்தோ முதல் தலைமுறையாகச் சட்டம் படிக்க வந்தவர்கள் இதில் பின்தங்கியவர்கள் என்று நினைக்க வேண்டாம். தாசில்தார் ஆபீசில் வரிசையில் நின்ற அனுபவம் இங்கே நேரடியாகப் பயன்படும்.

படி 1: எந்த வேலை என்று பிரித்துக்கொள்ளுங்கள்

"பொதுநலம்" என்ற ஒரே பெயரில் நான்கைந்து வகை வேலைகள் இருக்கின்றன. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் கீழ் இயங்கும் சட்ட உதவிப் பாதுகாப்பு வழக்கறிஞர் அலுவலகம் குற்ற வழக்குகளை மட்டும் பார்க்கும். அங்கே ஜாமீன், ரிமாண்டு (காவலில் வைக்கும் உத்தரவு), குறுக்கு விசாரணை பற்றித்தான் கேட்பார்கள். களப்பணி அமைப்புகள் ஊருக்குள் போய் மனு எழுதத் தெரிந்தவரைத் தேடுகின்றன. ஆராய்ச்சி சார்ந்த இடங்களில் எழுத்துத் தேர்வும் இருக்கலாம். விளம்பரத்தை எடுத்து, அதிலுள்ள வினைச்சொற்களை மட்டும் அடிக்கோடிடுங்கள்: "ஆஜராதல்", "மனு தயாரித்தல்", "முகாம் நடத்துதல்". எது அதிகமாக வருகிறதோ அதற்கு முதல் வாரத்தைக் கொடுங்கள். கேட்டிருக்கும் அனுபவ ஆண்டுகளையும் அப்போதே சரிபார்த்துவிடுங்கள்.

படி 2: ஊர்க் கோப்பு ஒன்று போடுங்கள்

80 பக்க நோட்டு ஒன்று போதும். ஒவ்வொரு பிரச்சினைக்கும் இரண்டு பக்கம். இடதுபக்கம் நம் வட்டாரத்தில் நடப்பது, வலதுபக்கம் சட்டமும் அலுவலகமும். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூன்றுக்கும் சேர்த்துக் குறைந்தது இந்த ஆறு தலைப்புகள் வேண்டும்: தோல் தொழிற்சாலைக் கழிவும் பாலாறும், செங்கல் சூளை மற்றும் ரைஸ் மில் கொத்தடிமை, பீடித் தொழிலாளர், ஜவ்வாது மலை வன உரிமை, வேலூர் மத்திய சிறையிலும் பெண்கள் தனிச்சிறையிலும் இருக்கும் விசாரணைக் கைதிகள், மேல்மொணவூர் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்.

தோல் கழிவு வழக்கைக் கொஞ்சம் ஆழமாகப் படியுங்கள். வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்புச் சொன்னது. "மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும்", "முன்னெச்சரிக்கை" என்ற இரண்டு கோட்பாடுகளும் இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்த தீர்ப்பு அது. நாடு முழுக்க மாணவர்கள் இதைப் படிக்கிறார்கள். ஆனால் வேலூரிலிருந்து போகிறவரிடம் அடுத்த கேள்வியும் வரும்: "சரி, தீர்ப்புக்கு அப்புறம் பாலாறு என்ன ஆச்சு?" இங்கேதான் பலரும் வாயடைத்துப் போகிறார்கள். ஆலை ஒன்றுக்கு ரூ.10,000 அபராதம் விதிக்கப்பட்டது, பாதிக்கப்பட்டவர்களைக் கண்டறிந்து இழப்பீடு நிர்ணயிக்க ஆணையம் அமைக்க உத்தரவானது, மேற்பார்வை சென்னை உயர் நீதிமன்றத்தின் பசுமை அமர்வுக்குப் போனது, பிரச்சினை தீராமல் 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடியும் உத்தரவு போட்டு, இழப்பீட்டை அரசு கொடுத்துவிட்டு ஆலைகளிடம் வசூலிக்கச் சொன்னது. இவ்வளவையும் ஒன்றரை நிமிடத்தில் சொல்லப் பழகுங்கள். தீர்ப்பு வந்த பிறகும் வேலை முடிவதில்லை என்பது உங்களுக்குப் புரிந்திருக்கிறதா என்று பார்க்கத்தான் அந்தக் கேள்வி.

பீடிப் பக்கத்தில் ஒரு எச்சரிக்கை. 1966ஆம் ஆண்டுப் பீடிச் சட்டத்தை நடப்பிலுள்ள சட்டமாகச் சொல்லிவிடாதீர்கள். 2025 நவம்பர் 21 முதல், அதையும் உள்ளடக்கிய நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்துவிட்டன.

படி 3: பயோடேட்டாவின் ஒவ்வொரு வரிக்கும் இரண்டு நிமிடம்

இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம். "சட்ட விழிப்புணர்வு முகாமில் கலந்துகொண்டேன்" என்ற வரி எதையும் சொல்வதில்லை. "அணைக்கட்டு அருகே நடந்த முகாமில் 14 முதியோர் உதவித்தொகை மனுக்களை எழுதினேன், 3 திரும்பி வந்தன, வயதுச் சான்று இல்லாததால்" என்று உண்மையான எண்ணோடு எழுதினால், அதைப் பற்றித்தான் அடுத்த ஐந்து நிமிடமும் பேச்சு ஓடும். உங்களுக்குத் தெரிந்த இடத்தில் பேச்சு ஓடுவது நல்லது. எண்ணிக்கையைக் கூட்டி எழுதாதீர்கள். நேர்காணல் எடுக்கும் பேனலில் இருப்பவர் அந்த முகாமை நடத்தியவராகவே இருக்கலாம்.

படி 4: "ஏன் இந்த வேலை?"

90 விநாடிக்கு மேல் போகக் கூடாது. "ஏழை எளிய மக்களுக்கு உதவ வேண்டும் என்று சின்ன வயதிலிருந்தே ஆசை" என்பதை அவர்கள் அன்றைக்கே பத்துப் பேரிடம் கேட்டிருப்பார்கள். மூன்று கண்ணிகள் போதும்: நீங்கள் பார்த்த ஒரு குறிப்பிட்ட விஷயம், அதில் சட்டம் எங்கே தடுக்கி நின்றது, இந்த அமைப்பு அந்த இடத்தில் என்ன செய்கிறது. சொந்த வீட்டுக் கஷ்டத்தைச் சொல்ல வேண்டிய கட்டாயம் யாருக்கும் கிடையாது. சொன்னால் கண்ணீரோடு நிறுத்தாமல் சட்டம் வரைக்கும் கொண்டுபோங்கள்.

படி 5: சூழல் கேள்விகள்

மொத்த நேரத்தில் பாதியை இதற்கே கொடுங்கள். பதில் சொல்லும் வரிசை எப்போதும் ஒன்றுதான்: பாதுகாப்பு, தகவல், சம்மதம், சட்டம், அலுவலகம், தாள், கெடு. நிறையப் பேர் நேராகச் சட்டத்தில் தொடங்குகிறார்கள். அதில்தான் மதிப்பெண் போகிறது.

முதல் சூழல்: "ஆற்காடு பக்கம் ஒரு ரைஸ் மில். இருளர் குடும்பம், ஐந்து பேர். ரூ.30,000 முன்பணம் வாங்கியிருக்கிறார்கள். சாவுக்குக்கூட ஊருக்கு விடவில்லை என்று உறவினர் போனில் சொல்கிறார்."

பாதுகாப்பு: முதலாளிக்குப் போன் போட்டு "விட்டுடுங்க" என்று பேசினால், அன்று ராத்திரியே குடும்பத்தை இடம் மாற்றிவிடுவார்கள். "முதலில் உரிமையாளரிடம் பேசிப் பார்ப்பேன்" என்று சொன்னவர் அந்த நேர்காணலில் தேறுவது கடினம்.

தகவல்: பெயர், வயது, சொந்த ஊர், மில் இருக்கும் இடம், எப்போது சேர்ந்தார்கள், முன்பணம், வாரக் கூலி, வெளியே போக விடுகிறார்களா, அடித்தார்களா, குழந்தைகள் வேலை செய்கிறார்களா. போன் செய்தவரின் பெயரை வெளியே விடமாட்டோம் என்று அவரிடமே சொல்ல வேண்டும். சம்மதம்: அந்தக் குடும்பத்தின் விருப்பம் என்ன என்பதையும் அவர் மூலமே விசாரியுங்கள்.

சட்டம்: 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம். 6ஆம் பிரிவின்படி கடன் அற்றுப்போகிறது. 15ஆம் பிரிவின்படி, இது கொத்தடிமைக் கடன் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு கடன் கொடுத்தவர் தலையில் விழுகிறது. இருளர் பழங்குடியினர் என்பதால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் சேரும். இதை விட்டுவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு.

அலுவலகம்: இங்கே ஒரு பொறி வைத்திருக்கிறார்கள். 2019இல் பழைய வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்ததில் ஆற்காடு ராணிப்பேட்டைக்குப் போய்விட்டது. மனு ராணிப்பேட்டை ஆட்சியருக்கும் அங்குள்ள வருவாய்க் கோட்டாட்சியருக்கும் (ஆர்டிஓ) போக வேண்டும். சத்துவாச்சாரியில் இருக்கும் வேலூர் கலெக்டர் ஆபீசுக்குப் போனால் ஒருநாள் வீண், அதற்குள் சேதி கசிந்துவிடும். நீதிமன்ற எல்லை வருவாய் எல்லையோடு எப்போதும் ஒத்துப்போகும் என்றும் எண்ணாதீர்கள், தனியாகச் சரிபாருங்கள்.

தாள்: மீட்ட பிறகு ஒவ்வொருவரிடமும், முதலாளியின் ஆட்கள் காதில் விழாத இடத்தில், வாக்குமூலம். அதற்குப் பிறகு, கொத்தடிமையிலிருந்து விடுபட்டவர் என்று காட்டும் விடுதலைச் சான்று. கெடு: குடும்பத்தை ஊருக்கு அனுப்புவதற்கு முன். அந்தச் சான்று கையில் இல்லாமல் அனுப்பிவிட்டால் மறுவாழ்வுத் தொகைக்கு அந்தக் குடும்பம் மாதக்கணக்கில் அலையும். 2016ஆம் ஆண்டு மத்திய அரசுத் திட்டத்தில் அந்தத் தொகை ஆளைப் பொறுத்து ரூ.1 லட்சம், 2 லட்சம், 3 லட்சம் என்று மூன்று படிகள். குழந்தைகளின் பள்ளிச் சேர்க்கையையும் சொன்னால் பேனல் நிமிர்ந்து உட்காரும்.

இரண்டாவது சூழல்: "ஜாமீன் கிடைத்து 12 நாள் ஆகிறது. ஆள் இன்னும் வேலூர் சிறையில்தான் இருக்கிறார். ஏன்?"

பெரும்பாலும் பிணைதாரர் கிடைத்திருக்கமாட்டார், அல்லது கேட்ட சொத்துச் சான்று வீட்டாரால் கொடுக்க முடியாததாக இருக்கும். சில சமயம் வேறொரு வழக்கும் நிலுவையில் இருக்கும். அதை முதலில் கேளுங்கள். ஜாமீன் உத்தரவு வந்து 7 நாளில் கைதி வெளியே வராவிட்டால் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுச் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் சொல்லியிருக்கிறது. ஒரு மாதத்துக்குள் பிணை கொடுக்க முடியாவிட்டால் நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று நீதிமன்றமே எடுத்துப் பார்க்கலாம் என்றும் அதே உத்தரவில் இருக்கிறது. நீங்கள் செய்ய வேண்டியது நிபந்தனைத் தளர்வு மனு. அதற்கு வீட்டு வருமானம் பற்றிய விவரம் வேண்டும்.

இதையொட்டியே "இவருக்கு இலவச வக்கீல் கிடைக்குமா, வருமானம் அதிகமாச்சே?" என்று கேட்பார்கள். காவலில் இருப்பவர், பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12ஆம் பிரிவில் வருமான வரம்பு கிடையாது. வருமானச் சான்று வாங்கிவரச் சொல்லி ஒரு பெண்ணைத் திருப்பி அனுப்புவேன் என்றால் அது பெரிய தவறு.

இதே ஏழு கண்ணி வரிசையில் குறைந்தது எட்டுச் சூழல்களை நீங்களே எழுதிப் பழகுங்கள். குடும்ப வன்முறையில் ஒன்று, வன உரிமையில் ஒன்று, தகவல் உரிமை மனுவில் ஒன்று கட்டாயம். தெரியாத இடம் வந்தால், "இந்தப் பிரிவு எண் நினைவில் இல்லை, ஆனால் முதலில் இந்த அலுவலகத்தில் இதைக் கேட்பேன்" என்று நேராகச் சொல்லுங்கள். ஊகித்துச் சொன்ன எண் தப்பானால் அதற்கு முன் சொன்னதெல்லாம் சந்தேகத்துக்கு ஆளாகும்.

படி 6: பழைய எண், புதிய எண்

2024 ஜூலை 1 முதல் புதிய குற்றவியல் சட்டங்கள். ஒரு தாளில் 20 பிரிவுகளை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். மிகவும் குழப்புவது 482. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அது உயர் நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரம், அதன் இடத்துக்கு வந்த பி.என்.எஸ்.எஸ்.சில் முன்ஜாமீன். உள்ளார்ந்த அதிகாரம் 528க்குப் போய்விட்டது. அதேபோல 144 என்றால் இனி ஊரடங்கு நினைவுக்கு வரக் கூடாது. ஜீவனாம்சம் வர வேண்டும். பழைய 144 இப்போது 163. விசாரணைக் கைதிகளுக்கு 479: அதிகபட்சத் தண்டனையில் பாதிக் காலம், இதற்கு முன் எந்தக் குற்றத்திலும் தண்டனை பெறாதவருக்கு மூன்றில் ஒரு பங்கு. மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களுக்கு இது பொருந்தாது.

படி 7: பேசும் மொழி

பல பேனல்களில் ஒரு சின்னச் சோதனை உண்டு: "ரிமாண்டுன்னா என்னன்னு எழுதப் படிக்கத் தெரியாத ஒரு அம்மாவுக்குச் சொல்லுங்க." பாடப் புத்தகத் தமிழும் ஆங்கிலமும் இங்கே உதவாது. "அம்மா, உங்க பையனை 15 நாள் ஜெயில்ல வைக்கச் சொல்லி ஜட்ஜு உத்தரவு போட்டிருக்காரு. தண்டனை இன்னும் ஆகல. நாளைக்கு ஜாமீன் மனு போடலாம், அதுக்கு உங்ககிட்ட ரெண்டு விஷயம் வேணும்" என்று சொல்லத் தெரிய வேண்டும். உங்கள் வீட்டில் சட்டம் படிக்காத ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள். அவர் திருப்பிச் சொல்வது சரியாக இருக்கும்வரை மாற்றுங்கள். ஆம்பூர், வாணியம்பாடியில் உருது, எல்லையோர ஊர்களில் தெலுங்கு: பேச வந்தால் பயோடேட்டாவில் கட்டாயம் போடுங்கள். களப்பணிக்கு அது பெரிய பலம்.

படி 8: மாதிரி நேர்காணல்

மூன்றாம் வாரத்தில் மூன்று முறை, ஒவ்வொன்றும் 25 நிமிடம். மூன்று நண்பர்கள் பேனலாக உட்காரட்டும்: ஒருவர் சட்டக் கேள்வி, ஒருவர் சூழல் கேள்வி, ஒருவர் இடைமறித்துக்கொண்டே இருப்பவர். இடைமறிப்பவர் இல்லாமல் பழகினால் உண்மையான நேர்காணலில் தடுமாறுவீர்கள். போனில் பதிவு செய்து கேளுங்கள். பேராசிரியர் ஒருவர் பேனலில் சேர்ந்தால், தவறை அங்கேயே திருத்தாமல் முடிந்த பிறகு சொல்லச் சொல்லுங்கள். சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் இரண்டு முழு நாள் உட்கார்ந்து பாருங்கள். ரிமாண்டு எப்படி நடக்கிறது என்று கேட்டால் பார்த்ததைச் சொல்லலாம்.

படி 9: நீங்கள் கேட்க வேண்டியவை

சம்பளம், களப்பயணச் செலவு, யாருடைய மேற்பார்வை, மிரட்டல் வந்தால் அமைப்பு என்ன செய்யும். இவற்றைக் கேட்பது பேராசை ஆகாது. முக்கியமாக: முழுநேரச் சம்பளத்தில் சேர்ந்தால் வழக்கறிஞராகத் தொழில் நடத்த பார் கவுன்சில் விதி தடையாக நிற்கும். வேலையின் தன்மை என்ன, வழக்கறிஞர் பதிவை நிறுத்தி வைக்க வேண்டுமா என்று கையெழுத்துக்கு முன்பே தெளிவுபடுத்துங்கள்.

நேர்காணல் சென்னையில் என்றால் 10 மணிக்கு இருக்க வேண்டியவர் காட்பாடியில் 6 மணிக்கு முந்தைய ரயிலைப் பிடியுங்கள். அசல் சான்றிதழ்கள், இரண்டு செட் நகல், பதிவுச் சான்று, எழுதிய மனு ஒன்றின் நகல். அந்த நகலில் கட்சிக்காரரின் பெயர், ஊர், வழக்கு எண் மூன்றையும் கறுப்பு மையால் அடித்துவிட வேண்டும். அடிக்காமல் கொண்டுபோனால் இரகசியம் காக்கத் தெரியாதவர் என்று அங்கேயே முடிவு கட்டிவிடுவார்கள். திரும்பும் ரயிலில், கேட்ட கேள்விகள் அத்தனையையும் வரிசை மாறாமல் அந்த 80 பக்க நோட்டில் எழுதி, அடுத்த வாரம் நேர்காணலுக்குப் போகும் தோழியிடம் கொடுத்துவிடுங்கள்.