சித்திரைத் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு வருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரைச் சித்திரைத் திருவிழாவுக்கு வெளியூரிலிருந்து வரும் உறவினர்களையும் நண்பர்களின் குடும்பங்களையும் அழைத்துச் செல்லும் பொறுப்பு ஆண்டுதோறும் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்கிறது. எங்கள் பிள்ளைகள் சிறியவர்களாக இருந்தபோது நாங்கள் செய்த பிழைகளையே புதிதாக வருபவர்கள் செய்வதைத் தொடர்ந்து பார்ப்பதால் இதை எழுதுகிறேன். தண்ணீர் எடுத்துச் செல்வது, பருத்தி ஆடை உடுத்துவது போன்றவற்றை எல்லோரும் அறிவார்கள். வழி நெடுகிலும் நீர்மோர்ப் பந்தல்களும் பானகமும் இருக்கின்றன. ஆகவே அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஒரே ஒரு நாளுக்கு மட்டும் வருவது

சித்திரைத் திருவிழா என்று நாம் சொல்வது உண்மையில் இரண்டு விழாக்கள். மீனாட்சி அம்மன் கோயிலில் கொடியேற்றத்துடன் தொடங்கி 12 நாள் நடப்பது ஒன்று. அழகர்கோயிலிலிருந்து அங்குள்ள பெருமாளான கள்ளழகர் புறப்பட்டு வைகைக்கு வந்து திரும்புவது மற்றொன்று. 17ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர்தான் இவ்விரண்டையும் ஒரே காலத்தில் நடக்கும்படி இணைத்தார் என்பது மதுரையில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. இது தெரியாதவர்கள், செய்தித்தாளில் படம் வரும் ஒரு நாளை மட்டும் குறித்துக்கொண்டு வருகிறார்கள். சிறு பிள்ளைகள் இருக்கும் குடும்பத்துக்கு என் முதல் பரிந்துரை, விழாவின் தொடக்க நாட்களில் மாலை நேரத்தில் கோயிலைச் சுற்றியுள்ள மாசி வீதிகள். கற்பக விருட்சம், சிம்மம், பூதம், அன்னம், காமதேனு என்று நாளுக்கு நாள் வெவ்வேறு வாகனங்களில் சுவாமியும் அம்மனும் வீதியுலா வருவார்கள். கோலாட்டம் ஆடும் சிறுமிகள் முன்னே போவார்கள். பிள்ளைகள் அருகில் நின்று பார்க்கலாம், அலுத்தால் வீடு திரும்பலாம். எட்டாம் நாள் மீனாட்சி அம்மனின் பட்டாபிஷேகத்துக்குப் பிறகு நெரிசல் வேறு அளவுக்குப் போய்விடும்.

கைக்குழந்தையோடு ஆற்றுக்குள் நிற்பது

இதைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எவ்வளவு சொன்னாலும் கேட்காமல் செய்யப்படும் தவறு இது.

சித்ரா பௌர்ணமியன்று விடியற்காலையில் தங்கக் குதிரை வாகனத்தில் அழகர் வைகையில் எழுந்தருளுவதைக் காண வேண்டும் என்ற ஆசையில் குற்றமில்லை. ஆனால் அந்தச் சில நிமிடங்களை ஆழ்வார்புரம் பக்கத்து ஆற்றுப்படுகைக்குள் நின்றுதான் பார்க்க வேண்டும், அதுவும் இரண்டு மூன்று வயதுப் பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும் என்பது வேறு. முன்னிரவிலிருந்தே படுகையில் இடம் பிடித்து உட்கார்ந்திருப்பவர்கள் ஒருபுறம். தென்கரையிலிருந்து இறங்கி வருபவர்கள் மறுபுறம். ஆற்றுக்கு வடக்கே உள்ள தல்லாகுளத்திலிருந்து அழகரின் பின்னாலேயே நடந்து வரும் பெருங்கூட்டம் மற்றொரு புறம். குதிரை நெருங்கியதும் இந்த மூன்று கூட்டமும் ஒரே இடத்தை நோக்கி நகர்கின்றன. காலடியில் ஈர மணலும் சேறும் இருக்கும். கழன்ற செருப்பை எடுக்கக் குனிந்தவர் நிமிர முடியாது. பெரியவர்களின் இடுப்பளவு உயரத்தில் நிற்கும் பிள்ளைக்கு அங்கே மூச்சுவிடக் காற்றில்லை. தோளில் இருக்கும் பிள்ளைக்குக் காற்று கிடைக்கும், ஆனால் தூக்கி நிற்பவருக்குத் தன் கால் எங்கே பதிகிறது என்று தெரியாது. 2022ஆம் ஆண்டு ஏப்ரல் 16 அன்று இதே நேரத்தில் ஏற்பட்ட நெரிசலில் இருவர் உயிரிழந்தார்கள், பலர் காயமடைந்தார்கள்.

இத்தனையும் சொன்ன பிறகும் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் நான்கு வயது மகளோடு ஆற்றுக்குப் போனது. "இவ்வளவு தூரம் வந்துவிட்டு ஆற்றில் இறங்குவதைப் பார்க்காமல் போவதா?" என்பதுதான் அவர்கள் சொன்ன காரணம். நண்பகலில் திரும்பி வந்தபோது அவர்கள் கண்டது திருக்குடையின் மேற்பகுதியும் குதிரையின் தலையும் மட்டுமே என்று அவர்களே சொன்னார்கள். அந்தப் பிள்ளை இரவெல்லாம் தூங்காமல், விடியலில் நசுங்கி, அழுது அழுது குரல் கம்மிப்போய், மேள ஓசை கேட்டாலே தாயின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது. முந்தைய நாள் பகலில், அவர்கள் தங்கியிருந்த புதூர் வழியாகத்தான் அழகர் வந்தார். வீட்டிலிருந்து சிறிது தூரத்தில், வழியில் அழகர் தங்கிச் செல்லும் மண்டகப்படி ஒன்றில் பல்லக்கு நின்றது. கண்டாங்கிச் சேலையும் கொண்டையும் கையில் வளைத்தடியுமாகக் கள்ளர் கோலத்தில் இருந்த பெருமாளை, தெருப் பிள்ளைகள் எல்லாம் கண் நிறையப் பார்த்தார்கள். இரவில் விழித்திருக்க வேண்டுமே என்று அந்தக் குடும்பம் மட்டும் அப்போது தூங்கிக்கொண்டிருந்தது. இதை நினைக்கும்போது எனக்கு இன்றும் கோபம் தணியவில்லை. கோபமெல்லாம் அந்தப் பிள்ளையின் பொருட்டுத்தான்.

பிள்ளைகளோடு வருபவர்களுக்கு உரிய இடம், ஆற்றில் இறங்குவதற்கு முந்தைய நாள் அழகரை மக்கள் எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவைதான். பதினெட்டாம்படிக் கருப்பணசாமியிடம் விடைபெற்றுப் புறப்படும் அழகர், அப்பன்திருப்பதி, கடச்சனேந்தல் வழியாக வந்து, மூன்றுமாவடியில் மதுரை மக்களின் எதிர்சேவையை ஏற்கிறார். அங்கிருந்து தல்லாகுளம் வரை மண்டகப்படிகள் தொடர்ந்து வரும். ஒன்றில் கூட்டம் மிகுந்தால் அடுத்ததற்கு நடந்து போகலாம், களைத்தால் ஏதாவது ஒரு வீட்டுத் திண்ணையில் உட்காரலாம். சொம்பில் சர்க்கரை நிரப்பி, வாயை வாழையிலையால் மூடி, மேலே சூடம் ஏற்றிக் காட்டும் வழிபாட்டைப் பெரியவர்கள் துணையோடு பிள்ளைகளும் செய்யலாம். கருப்பசாமி வேடமிட்டுத் திரி ஏந்தி ஆடி வருபவர்களையும் இங்கேதான் அருகிலிருந்து காண முடியும். ஆற்றில் இறங்குவதை வீட்டில் தொலைக்காட்சி நேரலையில் பாருங்கள். அன்று எந்த நிறப் பட்டு உடுத்தி வருகிறார் என்பதும் அதில்தான் தெளிவாகத் தெரியும்.

கைப்பேசியை நம்பிப் பிரிந்து நிற்பது

"பிரிந்துவிட்டால் கூப்பிட்டுக்கொள்ளலாம்" என்று சொல்லிக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் போகிறார்கள். இலட்சக்கணக்கானோர் கூடும் இடத்தில் அழைப்பு எளிதில் இணையாது; இணைந்தாலும் கொட்டு முழக்கத்தில் காதில் விழாது. வீட்டை விட்டுக் கிளம்பும்போதே, பிரிந்தால் கூட வேண்டிய ஓர் இடத்தை முடிவு செய்யுங்கள். அது கூட்டத்தின் பாதைக்கு வெளியே, வயதானவர்களும் விசாரித்து வந்து சேரக்கூடிய இடமாக இருக்க வேண்டும். கோரிப்பாளையம் சந்திப்பைச் சொல்வது வீண், ஏனென்றால் அங்கே ஒருவர் நிற்க முடியாது. பிள்ளையின் சட்டைப் பையில் சீட்டு வைப்பதைவிட, முன்கையில் பெற்றோர் எண்ணை நன்றாகப் பதியும் மையால் எழுதுவது மேல், ஏனென்றால் சீட்டு நனைந்துவிடும். பிள்ளையைக் காணவில்லை என்றால் ஆளாளுக்குத் தேடி ஓடாமல், ஒருவர் அதே இடத்தில் நிற்க, மற்றவர் அருகிலுள்ள காவல் உதவி மையத்துக்குப் போக வேண்டும். குழந்தைகளுக்கான 1098 என்ற உதவி எண்ணையும் நினைவில் வையுங்கள்.

நகை

வீட்டில் இருக்கட்டும்.

தண்ணீர் பீய்ச்சுவோர் நடுவே சிக்குவது

நேர்த்திக்கடனாகத் தோல் பையில் நீர் நிரப்பி அழகர் மீது பீய்ச்சுவது இந்த விழாவின் பழைய வழக்கம். வெயிலில் வரும் பெருமாளைக் குளிர்விப்பதாக நம்பிச் செய்கிறார்கள். அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் விசைப்பம்பு பொருத்தி வேகமாக அடிப்பவர்களும், நீரில் வேதிப்பொருள் கலப்பவர்களும் பெருகியதால், உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அவற்றுக்குத் தடை விதித்தது. தடை இருந்தாலும் பிள்ளைகளின் கண்ணைக் காப்பது உங்கள் பொறுப்பு. ராமராயர் மண்டபத்தில் அழகர் மீது நீர் பீய்ச்சும் தீர்த்தவாரி நடக்கும் நேரத்தில் முன்வரிசையில் பிள்ளைகளை நிறுத்தாதீர்கள்.

கார்

கோரிப்பாளையத்துக்கும் தல்லாகுளத்துக்கும் காரில் வர வேண்டாம்.

ஆற்றில் இறங்கியதும் ஊர் திரும்பிவிடுவது

பெரும்பாலான வெளியூர்க் குடும்பங்கள் அன்று பகலிலேயே பேருந்து நிலையத்துக்கு விரைகின்றன. ஒரே நேரத்தில் எல்லோரும் கிளம்புவதால் வழியிலேயே பாதி நாள் போய்விடுகிறது. மூன்று இரவுகள் தங்க முடிந்தால், நெரிசல் குறைந்த பிறகு நடப்பவற்றை ஆற அமரக் காணலாம். அன்று இரவு அழகர் வண்டியூர் வீரராகவப் பெருமாள் கோயிலில் தங்குகிறார். மறுநாள் தேனூர் மண்டபத்தில் கருட வாகனத்தில் எழுந்தருளி, தவளையாகும்படி சபிக்கப்பட்ட மண்டூக முனிவருக்குச் சாப விமோசனம் தருகிறார். அந்தக் கதையை முன்பே சொல்லி அழைத்துச் சென்றால் பிள்ளைகள் ஆவலோடு நிற்பார்கள். அன்று இரவு முழுவதும் ராமராயர் மண்டபத்தில் தசாவதாரக் காட்சிகள் ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும். பத்தையும் காண வேண்டும் என்று பிள்ளைகளை விடிய விடிய உட்கார வைக்காதீர்கள்; முதல் இரண்டு மூன்று அவதாரங்களைக் காட்டிவிட்டு வீட்டுக்கு அழைத்து வாருங்கள். அதற்கடுத்த இரவு தல்லாகுளம் சேதுபதி மண்டபத்திலிருந்து பூப்பல்லக்கில் அழகர் மலைக்குத் திரும்பப் புறப்படுகிறார். வயதான பெற்றோரோடு வருபவர்கள் அன்று மாலையே சீக்கிரம் சாப்பிட்டுவிட்டு, புதூர் சாலையோரத்தில் நாற்காலி போட்டு அமரலாம்.