கோடை விடுமுறையில் ஒரு நாள் புதுக்கோட்டை: பிள்ளைகளோடு வரலாறு பார்ப்பது எப்படி?

மே மாதத்தில் பாறைக் குன்றுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகலாமா என்று கேட்டால், போகலாம். எந்த இடத்துக்கு எந்த நேரத்தில் போகிறோம் என்பதை வெயிலைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

1. நாளைத் தேர்ந்தெடுங்கள். வெள்ளிக்கிழமை வேண்டாம், அன்று அரசு அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. முதல்நாள் இரவே புதுக்கோட்டையில் தங்கிவிட்டால் நல்லது. தொல்லியல் துறை நுழைவுச்சீட்டு 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் தேவையில்லை.

2. காலையில் முதலில் சித்தன்னவாசல். ஊரிலிருந்து சுமார் 16 கி.மீ. வாசல் திறந்ததும் உள்ளே போய்விடுங்கள். ஏழடிப்பட்டம் என்ற குகைதான் முதலில், ஏனென்றால் அதற்குக் குன்று ஏற வேண்டும். பாறை சுட ஆரம்பித்துவிட்டால் சின்னப் பிள்ளைகள் பாதியிலேயே உட்கார்ந்துவிடுவார்கள். மேலே இயற்கைக் குகையில் சமணத் துறவிகளின் வழவழப்பான கற்படுக்கைகள் இருக்கின்றன. தலையணைபோல மேடாகச் செதுக்கிய பகுதியையும், பெரிய படுக்கையில் உள்ள தமிழ் பிராமி எழுத்துகளையும் பிள்ளைகளையே தேடிப்பிடிக்கச் சொல்லுங்கள். நீங்கள் முந்திக்கொண்டு காட்டிவிடாதீர்கள்.

இறங்கியதும் அறிவர் கோயில், பாறையைக் குடைந்து செய்த சமணக் கோயில். இங்கே மட்டும் அவசரம் வேண்டாம். விதானத்தில் தாமரைக்குள ஓவியம்: மீன், யானை, எருமை, வாத்து, பூப்பறிக்கும் ஆட்கள். நிறம் பல இடங்களில் உதிர்ந்திருப்பதால் முதல் பார்வைக்கு ஒன்றும் தெரியாது. கண் இருட்டுக்குப் பழக ஐந்து நிமிடம் பேசாமல் நின்றால் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பிக்கும். தூண்களில் ஆடும் பெண்கள் இருக்கிறார்கள். மதுரையைச் சேர்ந்த இளங்கௌதமன் என்ற சமண ஆசிரியர் இக்கோயிலைப் புதுப்பித்ததை வெளியே உள்ள 9ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு சொல்கிறது. அப்போது பாண்டிய மன்னன் ஸ்ரீவல்லபன் காலம். சுவரைத் தொடவோ, பிளாஷ் போட்டுப் படம் எடுக்கவோ வேண்டாம். கருவறைக்குள் நின்று 'ம்ம்' என்று முனகிப்பாருங்கள், அறையே அதிரும். பிள்ளைகளை அப்புறம் வெளியே இழுப்பதுதான் பெரிய வேலை.

3. உச்சி வெயிலில் நிழல். பதினொரு மணிக்குள் கிளம்பிவிடுங்கள். வழியில் நுங்கு கிடைத்தால் விடாதீர்கள். சாப்பாடு முடித்து, திருக்கோகர்ணத்தில் உள்ள அருங்காட்சியகம். 1910இல் தொடங்கியது. எல்லா அறையும் பார்க்க வேண்டியதில்லை, பிள்ளைகள் நிற்கும் இடத்தில் நில்லுங்கள், போதும்.

4. நான்கு மணிக்குத் திருமயம். தெற்கே சுமார் 20 கி.மீ. 1687இல் ராமநாதபுரம் மன்னர் சேதுபதி கட்டிய கோட்டை. மூடும் நேரத்தைக் காலையிலேயே விசாரித்து வைத்துக்கொண்டு, கோட்டையை முதலில் முடியுங்கள். உச்சியில் பீரங்கி இருக்கிறது. பிறகு அடிவாரத்தில், ஒரே பாறையில் குடைந்த சிவன் கோயிலும் பள்ளிகொண்ட பெருமாள் கோயிலும்.

நார்த்தாமலையையும் சேர்த்துக்கொள்ளலாமே என்று யாராவது சொல்வார்கள். அங்குள்ள விஜயாலய சோழீச்சரம் அருமையான கோயில்தான், ஆனால் அதற்குப் போக வெட்டவெளிப் பாறையில் ஏற வேண்டும். அதை மார்கழிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பேருந்தில் வருபவர்கள் திரும்புவதற்குக் கவலைப்பட வேண்டாம். திருமயம் புதுக்கோட்டை - காரைக்குடி சாலையிலேயே இருக்கிறது.