தடைக்கால நிவாரணம்: கைக்கு வர வேண்டிய பணம் எங்கே நின்றுபோகிறது?

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடை. இந்தக் காலத்துக்குத் தமிழக அரசு மீனவக் குடும்பத்துக்குக் கொடுக்கும் நிவாரணம், முன்பு 5,000 ரூபாயாக இருந்து 8,000 ஆனது. 61 நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு 131 ரூபாய்தான். ஒரு வீட்டுக்கு இது போதாது. அந்தப் போதாத பணமும் ஒரு ஜெராக்ஸ் தாளால் நின்றுபோகிறது என்பதுதான் வேதனை.

சிக்கல் பெரும்பாலும் வங்கிக் கணக்கில்தான். பாண்டியன் கிராம வங்கி 2019 ஏப்ரலில் பல்லவன் கிராம வங்கியோடு சேர்ந்து தமிழ்நாடு கிராம வங்கி ஆனது. சிண்டிகேட் வங்கி 2020இல் கனரா வங்கியோடு இணைந்தது. வீட்டில் இருக்கும் பழைய பாஸ்புக்கையே ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தால், அதில் இருப்பது பழைய ஐஎஃப்எஸ்சி எண் (வங்கிக் கிளையைக் குறிக்கும் எண்); அதற்கு அனுப்பும் பணம் நின்றுபோகலாம். புது பாஸ்புக் வாங்கி, அதன் முதல் பக்கத்தைக் கொடுங்கள்.

இரண்டு மூன்று வங்கிகளில் கணக்கு வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஆதார் எண்ணை வைத்து அனுப்பும் அரசுப் பணம், கடைசியாக ஆதார் இணைத்த கணக்குக்குத்தான் போகும். "பணமே வரவில்லை" என்று அலைகிறவர்கள் முதலில் அந்த இன்னொரு பாஸ்புக்கில் பதிவு போட்டுப் பார்ப்பது நல்லது. கேஒய்சி (வங்கியில் கொடுக்கும் அடையாள விவரம்) புதுப்பிக்காமல் கணக்கு முடங்கியிருக்கிறதா என்றும் அப்போதே கேட்டுவிடுங்கள். இதையெல்லாம் தடை தொடங்கும் முன்பே, பிப்ரவரி, மார்ச்சிலேயே முடிப்பதுதான் சரி. ஜூனில் போய் நின்றால் நிவாரணம் பெறுவோர் பட்டியல் போயிருக்கும்.

அடுத்தது ரேஷன் கார்டு. நிவாரணம் குடும்பத்துக்குத்தான், ஆளுக்கு அல்ல. கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போன மகன், அப்பாவின் கார்டிலேயே பெயரை வைத்துக்கொண்டு தனியாக நிவாரணம் கேட்டால் கிடைக்காது. பெயரை நீக்கிப் புதுக் கார்டு வாங்கியிருக்க வேண்டும். குடும்பத் தலைவர் இறந்துபோன வீடுகளில் நிலைமை இன்னும் கொடுமை. அவர் பெயரிலேயே பதிவு தொடர்ந்தால், பணம் வந்தாலும் அவர் மனைவியால் எடுக்க முடியாது. துக்கத்துக்கு நடுவே இதை யாரும் நினைப்பதில்லை. பக்கத்து வீட்டாரோ மீனவர் சங்கத்தாரோ எடுத்துச் சொல்லி, கார்டையும் கணக்கையும் அந்த மனைவி பெயருக்கு மாற்ற உதவ வேண்டும்.

நிவாரணத்துக்கான கணக்கெடுப்பு நேரத்தில் ஊரில் இல்லாமல் போவதும் அடிக்கடி நடக்கிறது. கேரளப் படகுகளுக்குத் தொழிலுக்குப் போகிறவர்கள், வீட்டில் இருக்கிறவர்களிடம் ஆதார், ரேஷன் கார்டு, சங்க உறுப்பினர் அட்டை மூன்றின் நகலையும் கொடுத்துவிட்டுப் போங்கள். புரோக்கரிடம் கொடுக்காதீர்கள். வட்டிக்காரரிடம் ஏடிஎம் கார்டை அடகு வைப்பதும் அதே ஆபத்துதான்.

அப்புறம், சேமிப்பு நிவாரணத் திட்டத்தையும் இதையும் ஒன்றாக நினைக்கிறவர்கள் நிறைய. அது வேறு. அதில் மீனவர் தன் பங்காக 1,500 ரூபாய் கட்ட வேண்டும். அரசு 3,000 சேர்த்து, மீன் கிடைக்காத மாதங்களில் 4,500 ஆகத் தரும். பெண்களுக்கும் தனியாக இதே போன்ற திட்டம் உண்டு. தடைக்காலப் பணம்தான் வருகிறதே என்று தவணையை விட்டுவிட்டால் 3,000 ரூபாய் போய்விடும். மீனவர் நல வாரிய அட்டையும் தனிதான். அது இருப்பதாலேயே தடைக்காலப் பணம் வந்துவிடாது.

எல்லாம் சரியாக இருந்தும் பணம் வரவில்லையா? மீன்வளத் துறை அலுவலகத்தில் வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். எழுதிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். கடலோர மாவட்டங்களில் ஆட்சியர் நடத்தும் மீனவர் குறைதீர் கூட்டத்தில் அந்த ரசீதைக் காட்டி, பெயர் பட்டியலில் இல்லையா, வங்கியிலிருந்து பணம் திரும்பிவிட்டதா என்று குறிப்பாகக் கேளுங்கள். பணம் திரும்பியிருந்தால் சரியான கணக்கு எண்ணையும் அங்கேயே எழுதிக் கொடுங்கள்.