மிருக வைத்தியராக விரும்பும் கொழும்பு மாணவருக்கு

மிருக வைத்தியராக விரும்புபவர் க.பொ.த. உயர்தரத்தில் உயிரியல் விஞ்ஞானப் பிரிவைத் தெரிவுசெய்து, உயிரியலோடு இரசாயனவியலையும் பௌதிகவியலையும் ஊன்றிப் படிக்க வேண்டும். மிருக வைத்தியப் பீடம் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் உள்ளது. பாடப் புள்ளிகளைத் தரப்படுத்திக் கணக்கிடும் இஸட் புள்ளியும் மாவட்ட ஒதுக்கீடும் அனுமதியைத் தீர்மானிப்பதால், போட்டி மிகுந்த கொழும்பு மாவட்டத்தினர் ஒரு புள்ளியையும் அலட்சியம் செய்யலாகாது. விரிவுரைகள் ஆங்கிலத்தில் நடைபெறுவதால், தமிழ்மொழி மூலம் பயில்பவர்கள் பாடச் சொற்களை இப்போதே இரு மொழிகளிலும் எழுதிப் பழகுவது நல்லது.

புள்ளிகளுக்கு நிகராக நான் வலியுறுத்துவது, விலங்குகளோடு பழகுவதையே. வெள்ளவத்தையிலோ தெஹிவளையிலோ வீட்டருகே உள்ள மிருக வைத்தியரிடம் அனுமதி பெற்று, விடுமுறை நாட்களில் அருகிருந்து பாருங்கள். நடுங்கும் நாயின் பின்தொடையின் உட்புறத்தில் விரல்களை வைத்து அவர் நாடி பார்ப்பதையும், சீறும் பூனையைத் துவாயால் சுற்றிப் பிடித்து ஊசி போடுவதையும், நோயைச் சொல்லத் தெரியாத உயிருக்காக அதன் உரிமையாளரிடம் பொறுமையாக விசாரிப்பதையும் கவனியுங்கள். ஆனால், விலங்குகளைத் தொடத் தொடங்குமுன் விசர்நாய்க்கடித் தடுப்பூசி பற்றி மருத்துவரிடம் கட்டாயம் ஆலோசனை பெறுங்கள்.