உங்கள் ஊர் கரண்டை எவ்வளவு நம்பலாம்? நீங்களே கணக்கிட்டுப் பார்க்கும் வழி

பாலக்கோட்டு மாமாவும் ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போகும் என் தம்பியும் ஒரே வீட்டில் கூடினால் கரண்ட் பேச்சு வராமல் இருக்காது. "ஒரு நாளைக்கு எத்தனை தடவை போவுதுன்னு எங்க ஊருக்கு வந்து பாரு" என்பார் மாமா. "உங்களுக்குப் போனா மோட்டார் நிக்கும், வந்தா திரும்ப ஓடும். எங்களுக்கு அரை நொடி போனாலும் மிஷின்ல மாட்டின பீஸ் வீண் மாமா" என்பான் தம்பி. இருவர் சொல்வதும் உண்மை. ஆனால் ஒருவர் கையிலும் எண் கிடையாது. எண் இல்லாததால்தான் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் போய் நின்றாலும் "அடிக்கடி போகுது சார்" என்பதைத் தாண்டி நம்மால் பேச முடிவதில்லை.

அந்த எண்ணை எடுப்பது கடினமில்லை. மின்பொறியாளர்கள் பயன்படுத்தும் அளவுகோல்கள் கூட்டல், வகுத்தல் தெரிந்தால் போட்டுவிடக்கூடியவை. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து ஊர் ஒன்றை மனதில் வைத்து, அடியிலிருந்து சொல்கிறேன்.

படி 1: கரண்ட் வரும் பாதையைத் தெரிந்துகொள்ளுங்கள்

"மேட்டூர் அனல்மின் நிலையம் பக்கத்திலேயே இருக்கு, நமக்கு ஏன் கட் ஆகுது?" என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். எந்த ஒரு நிலையத்திலிருந்தும் நம் வீட்டுக்குத் தனிக் கம்பி வருவதில்லை. எல்லா நிலையங்களும் ஒரே வலையில் மின்சாரத்தைக் கொட்டுகின்றன, எல்லோரும் அதிலிருந்து எடுத்துக்கொள்கிறோம். அந்த வலையில் மேல் தட்டு 765, 400, 230 கிலோவோல்ட் கோபுர லைன்கள். அடுத்தது 110 கிலோவோல்ட் துணை மின்நிலையம். அதிலிருந்து 33, 22, 11 கிலோவோல்ட் ஃபீடர்கள் ஊர் ஊராகப் பிரியும். கடைசியில் தெருமுனை டிரான்ஸ்பார்மர், அங்கிருந்து வீட்டு மீட்டர்.

மேலே பழுது வந்தால் மாவட்டமே இருளும், ஆனால் அது அரிது. கீழே பழுது வந்தால் ஒரு தெருதான் இருளும், ஆனால் அது அடிக்கடி நடக்கும். வீடுகள் சந்திக்கும் மின்தடையில் பெரும்பங்கு ஃபீடருக்குக் கீழேதான் பிறக்கிறது.

2012-ஐ நினைத்துப் பாருங்கள். அந்த ஆண்டு தமிழ்நாட்டில் மணிக்கணக்கில் மின்வெட்டு. லைன் நன்றாக இருந்தது, கொடுக்க மின்சாரம் போதவில்லை. அதே ஆண்டு ஜூலை 30, 31 தேதிகளில் வட இந்தியா இருண்டது. அது லைன்கள் தாங்க மாட்டாமல் ஒன்றன்பின் ஒன்றாக ட்ரிப் ஆகி, அதாவது தாமாகவே அணைந்து, வலையே சரிந்த கதை. நமக்கு அது தொற்றவில்லை, ஏனென்றால் தென்னகக் கட்டமைப்பு அப்போது மற்றவற்றோடு ஒரே துடிப்பில் இணைக்கப்படவில்லை. ராய்ச்சூர் – சோலாப்பூர் 765 கிலோவோல்ட் லைன் வழியாக அந்த இணைப்பு நடந்தது 2013 டிசம்பர் 31-ல்தான். ஆக, உற்பத்தி போதாமை, வலை சரிவு, லைன் பழுது என்று மூன்று வேறு நோய்கள். நம் நோட்டில் பெரும்பாலும் விழப்போவது மூன்றாவது.

படி 2: ஒரு நோட்டு, ஒரு பழைய போன்

நினைவை நம்பாதீர்கள். பரீட்சைக்கு முந்தின ராத்திரி போன கரண்ட் பத்து வருஷம் நினைவிருக்கும், மத்தியானம் யாரும் இல்லாதபோது போன ஒரு மணி நேரம் தெரியவே தெரியாது. ஆளில்லாத நேரத்தையும் பதிய, சார்ஜ் ஏறுவதும் நிற்பதும் எந்நேரம் என்று குறித்துவைக்கும் செயலி ஒன்றைப் பழைய போனில் போட்டு, சார்ஜரில் நிரந்தரமாக மாட்டிவிடுங்கள். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அந்த லைனில் இல்லாத ப்ளக்கில் மாட்டவேண்டும். நான் முதல் மாதம் இதைக் கவனிக்காமல் விட்டதில் போன் ஒரு தடையைக்கூடப் பதியவில்லை.

நோட்டில் தேதி, போன நேரம், வந்த நேரம், எதுவரை போனது (வீடா, தெருவா, ஊரா), காரணம், முன்னறிவிப்பு இருந்ததா என்று எழுதுங்கள். மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணில் புகார் பதிந்தால் அந்தப் பதிவு எண்ணையும் பக்கத்தில் குறியுங்கள். பின்னால் நேரம் பற்றிப் பேச்சு வந்தால் அதுவே சாட்சி. ஐந்து நிமிடத்துக்குள் திரும்பிவிட்டால் அதைத் தனிப் பக்கத்தில் எழுதுங்கள். மின்பொறியாளர்கள் பரவலாகப் பயன்படுத்தும் ஐஇஇஇ (IEEE) தரநிலையில் ஐந்து நிமிடத்தைத் தாண்டினால்தான் அது நீடித்த தடை. குட்டித் தடைகளுக்குத் தனிக் கணக்கு உண்டு. தம்பியின் கம்பெனிக்கு வலிப்பது அந்தப் பக்கம்தான்.

விவசாய மோட்டாருக்கு மும்முனை மின்சாரம் நேரம் வைத்துத் தரப்படும் ஊராக இருந்தால், அந்த நேரத்துக்கு வெளியே மோட்டார் ஓடாததைத் தடையாக எழுதக் கூடாது. சொன்ன நேரத்துக்குள் நின்றால் மட்டும் எழுதுங்கள்.

படி 3: எந்தத் தட்டில் பழுது?

உங்கள் வீடு மட்டும் இருண்டால் சர்வீஸ் ஒயர் அல்லது ஃபியூஸ். ஒரே டிரான்ஸ்பார்மரில் உள்ள தெருக்கள் மட்டும் என்றால் டிரான்ஸ்பார்மர். பக்கத்து ஊரும் சேர்ந்து போனால் ஃபீடர். வெவ்வேறு ஃபீடரில் உள்ள ஊர்கள் ஒன்றாகப் போனால் துணை மின்நிலையம், இல்லாவிட்டால் அதற்கும் மேல். இரண்டு, மூன்று ஊரில் தெரிந்தவர் ஒருவர் இருந்து வாட்ஸ்அப்பில் "இங்க இருக்கா?" என்று கேட்டால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். உங்கள் ஃபீடர் பெயரை லைன்மேனிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், அவர்களுக்கு அது மனப்பாடம்.

ஒன்று கெஞ்சிக் கேட்கிறேன். காரணம் பார்க்கிறேன் என்று டிரான்ஸ்பார்மர் பக்கம் போகாதீர்கள், ஃபியூஸ் கட்டையில் கை வைக்காதீர்கள். அறுந்து கிடக்கும் கம்பியில் கரண்ட் இல்லை என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். நம் பக்கத்தில் "நானே போட்டுக்கறேன்" என்று போய் உயிரை விட்டவர்கள் உண்டு. எந்தக் கணக்கும் அதற்கு ஈடில்லை.

படி 4: மூன்று எண்கள்

ஒரு கற்பனை ஃபீடரை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 1,200 இணைப்புகள். ஒரு மாதத்தில் நான்கு தடைகள்.

இன்சுலேட்டர் வெடித்து 1,200 இணைப்பும் 90 நிமிடம் போனது. புளியமரக் கிளை விழுந்து, ஒரு கிளை லைனில் இருக்கும் 300 இணைப்பு 240 நிமிடம் போனது. அந்தக் கிளை லைனின் கடைசி டிரான்ஸ்பார்மரில் ஃபியூஸ் போய் 60 இணைப்பு 120 நிமிடம் இருண்டது. அப்புறம் அறிவித்த மாதாந்திர ஷட்டவுன், காலை 9 முதல் மதியம் 2 வரை, 1,200 இணைப்புக்கும் 300 நிமிடம்.

ஷட்டவுனை முதலில் ஒதுக்கிவிடுவோம். பாதிக்கப்பட்ட இணைப்புகள் 1,200 + 300 + 60 = 1,560. இதை 1,200-ஆல் வகுத்தால் 1.3. சராசரியாக ஒரு வீட்டுக்கு எத்தனை தடவை போனது என்பது இது. சைஃபி (SAIFI) என்பார்கள்.

அடுத்து, ஒவ்வொரு தடையிலும் இணைப்பை நிமிடத்தால் பெருக்கிக் கூட்டுங்கள். 1,08,000 + 72,000 + 7,200 = 1,87,200. இதையும் 1,200-ஆல் வகுத்தால் 156 நிமிடம். சராசரி வீடு இருட்டில் இருந்த நேரம், சைடி (SAIDI).

156-ஐ 1.3-ஆல் வகுத்தால் 120 நிமிடம். ஒரு தடவை போனால் திரும்பி வர எவ்வளவு நேரம் ஆகிறது என்பது, கெய்டி (CAIDI). சைஃபி அதிகம் என்றால் மரம், இன்சுலேட்டர், கம்பி ஆகியவற்றில் கவனம் வேண்டும். கெய்டி அதிகம் என்றால் பழுதைத் தேடிப் பிடிக்க நேரமாகிறது, ஆள் போதவில்லை, அல்லது வேறு பக்கமிருந்து மாற்றிக் கொடுக்க இணைப்பு இல்லை.

ஷட்டவுனையும் சேர்த்தால் தடவை 2.3, நேரம் 456 நிமிடம் என்று ஆகும். இரண்டையும் தனித்தனியே காட்டுங்கள். பராமரிப்புக்காக நிறுத்துவது குற்றமல்ல. ஆனால் ஷட்டவுன் எடுத்த மறுவாரமே அதே இடத்தில் பழுது வந்தால், அது கேட்கவேண்டிய கேள்வி.

"மாதத்தில் 99 சதவீத நேரம் கரண்ட் இருக்கிறது" என்று யாராவது சொன்னால் மயங்கிவிடாதீர்கள். ஆண்டுக்கு 8,760 மணி நேரம், அதில் ஒரு சதவீதம் 87.6 மணி நேரம். மூன்றரை நாளுக்கும் மேல்.

படி 5: சராசரிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் ஊர்

நான் இதை எழுத உட்கார்ந்ததே இந்தப் படிக்காகத்தான். மேலே சொன்ன கணக்கில் கடைசி டிரான்ஸ்பார்மரின் 60 வீடுகளைப் பாருங்கள். இன்சுலேட்டர் வெடித்தபோதும் அவர்களுக்குப் போனது, மரம் விழுந்தபோதும் போனது, ஃபியூஸும் அவர்களுடையது. மூன்று தடவை, 450 நிமிடம். ஃபீடரின் சராசரியோ 156 என்கிறது. ஃபீடரின் வால் பகுதியில், அஞ்செட்டி, சித்தேரி போன்ற மலை, காட்டு ஓரங்களில் இருப்பவர்களுக்கு வழிநெடுக நடக்கும் எல்லாப் பழுதும் வந்து சேரும். மாவட்ட சராசரி அவர்களைக் காட்டவே காட்டாது. அதனால் கணக்கை டிரான்ஸ்பார்மர் வாரியாகவும் போட்டு, மிக மோசமான மூன்றை மேலே எழுதுங்கள்.

இன்னொன்று, இந்த எண்கள் எல்லா இணைப்பையும் ஒன்றாகவே எண்ணும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இரண்டு மாவட்டத்துக்கும் தண்ணீரை மேடேற்றுவது பம்புகளால்தான். ஒரு நீரேற்று நிலையத்தின் இணைப்பு கணக்கில் ஒன்றே ஒன்று. அது நின்றால் கரண்ட் போகாத ஊரிலும் குழாய் வறளும். மருத்துவமனை, நீரேற்று நிலையம், பால் குளிரூட்டும் நிலையம் இருக்கும் ஃபீடரை நோட்டில் சிவப்பு மையால் குறியுங்கள்.

படி 6: புயல் நாளைத் தனியே வையுங்கள்

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் மிச்சம் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழையாகக் கொட்டியது. அப்படி ஒரு நாளைச் சாதாரண நாட்களோடு சேர்த்தால் அந்த ஆண்டுக் கணக்கே திரிந்துவிடும். தனிப் பக்கத்தில் எழுதி, "எத்தனை மணி நேரத்தில் பாதி ஊருக்கு வந்தது, கடைசி வீட்டுக்கு எப்போது வந்தது" என்று மட்டும் பாருங்கள்.

ஏப்ரல், மே மாதக் கோடை மழைக் காற்றை மட்டும் இதில் ஒளித்துவைக்காதீர்கள். மாங்காய் உதிரும் காற்று வருஷா வருஷம் வருவது. வருமென்று தெரிந்த காற்றுக்கு முன்னாலேயே கிளை வெட்டியிருக்க வேண்டும்.

படி 7: ஒன்று போனால் தாங்குமா?

இதுவரை நடந்ததை எண்ணினோம். நடக்கப்போவதை எடைபோட ஒரு கேள்வி போதும்: எந்த ஒரு பாகம் போனாலும் மிச்சம் தாங்குமா? எடுத்துக்காட்டாக, துணை மின்நிலையத்தில் 16 எம்விஏ (எவ்வளவு சுமை தாங்கும் என்பதன் அலகு) டிரான்ஸ்பார்மர் இரண்டு இருக்கின்றன, உச்ச நேரத் தேவை 20 எம்விஏ. சாதாரண நாளில் 32-க்கு 20, தாராளம். ஒன்று போனால் 16-ஐ வைத்து 20-ஐச் சுமக்க முடியாது, யாரையாவது அணைத்தே ஆகவேண்டும். தேவை வளர்ந்துகொண்டேயும் போகிறது. 2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் உச்சத் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது.

லைன்களுக்கும் இதே கேள்விதான். தலா 99 சதவீதம் நம்பகமான இரண்டு லைன் ஒன்றன்பின் ஒன்றாக இருந்தால் மொத்தம் 98 சதவீதம். பக்கம் பக்கமாக, ஒன்றுக்கு ஒன்று மாற்றாக இருந்தால் 99.99. ஆனால் இரண்டும் ஒரே கோபுரத்தில் போகின்றனவா என்று பாருங்கள். கோபுரம் சாய்ந்தால் இரண்டும் சேர்ந்தே போகும், 99.99 வெறும் காகிதம்.

படி 8: மேல் தட்டின் நாடித்துடிப்பு

இது சுருக்கம். நாடு முழுவதும் மின்சாரத்தின் துடிப்பு, அதாவது அலைவெண், 50 ஹெர்ட்ஸ். 49.90 முதல் 50.05 வரை இருந்தால் நலம். தேவை கூடி உற்பத்தி குறைந்தால் துடிப்பு இறங்கும், நிறைய இறங்கினால் வலையைக் காப்பாற்ற ரிலேக்கள் தாமாகவே சில ஃபீடர்களை அணைக்கும். தென்மாநிலங்களுக்கான கட்டுப்பாட்டு மையம் பெங்களூரில் இருக்கிறது. நேரடி அளவை இணையத்திலேயே பார்க்கலாம். உங்கள் வீடு இருண்ட நேரத்தில் அந்த எண் 50-ஐ ஒட்டியே இருந்தால், நாட்டு வலையில் கோளாறு இல்லை, பழுது பெரும்பாலும் உங்கள் பக்கத்துத் தட்டுகளில்தான்.

எண்ணை எடுத்துக்கொண்டு போகும்போது

குறைந்தது ஆறு மாதம் எழுதியபின் ஒரே பக்கத்தில் மனு எழுதுங்கள். ஃபீடர் பெயர், சைஃபி, சைடி, மிக மோசமான மூன்று டிரான்ஸ்பார்மர், திரும்பத் திரும்ப வந்த காரணம், வேண்டுவது என்ன, அவ்வளவுதான். "சரிசெய்து தரவும்" என்று பொதுவாக எழுதாமல், "இந்தக் கிளை லைனில் இத்தனை தடை மரத்தால், மார்ச்சுக்குள் கிளை வெட்டித் தரவும்" என்று எழுதுங்கள். துணை மின்நிலையப் பதிவேட்டில் ஃபீடர் ட்ரிப் ஆன நேரங்கள் இருக்கும். 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய்க் கட்டணத்தில் அதைக் கேட்டு வாங்கி உங்கள் நோட்டோடு ஒப்பிடலாம்.

மாமா போன மாதம் நோட்டு வாங்கிவிட்டார். பழைய போனைத் தம்பி கொடுத்திருக்கிறான். கிளை வெட்டினார்கள் என்றால், வெட்டியதும் அடுத்த மாதத்தோடு ஒப்பிடாமல், இந்த ஏப்ரலை அடுத்த ஏப்ரலோடு ஒப்பிடச் சொல்லியிருக்கிறேன்.